இருண்ட முடிவுள்ள அறிவியல் புனைகதைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். நாற்பது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை. பெரும்பாலும் அறிவியல் புனைகதைப் படங்கள்தான். முடிவு இருண்டதாக இருக்கும் படத்தைப் போட்ட மாதங்களில் கேள்விகள் அதிகமாக வரும். படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

இதில் படங்களின் முடிவைச் சொல்லிவிடுவீர்களா?

சொல்வேன். முடிவைப் பற்றிப் பேசுகிற பக்கத்தில் அதை மறைத்துக்கொண்டு பேச முடியாது. ‘தி மிஸ்ட்’, ‘பிளேடு ரன்னர்’, ‘பிரேசில்’, ‘ஐ ஆம் லெஜண்ட்’, ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ ஆகியவற்றை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் முடிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இது சரியா?

சரிதான். எங்கள் மாடியில் அழுதவர்களைவிடக் கோபப்பட்டவர்கள்தான் அதிகம்.

‘தி மிஸ்ட்’ (2007) போட்ட நாளை மறக்க முடியாது. ஓர் ஊரை மூடுபனி சூழ்கிறது, பனிக்குள் ஏதேதோ ஜந்துகள். மக்கள் ஒரு பெரிய மளிகைக் கடைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ஐந்து பேர் ஒரு காரில் தப்பிக் கிளம்புகிறார்கள், பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கிறது. துப்பாக்கியில் நான்கு குண்டுதான். ஜந்துகளிடம் சிக்கிச் சாவதைவிட மேல் என்று, மூன்று பேரையும் தன் சின்ன மகனையும் அப்பா சுட்டுவிடுகிறார். அவருக்குக் குண்டு இல்லை. இறங்கி நின்று ஜந்துகளைக் கூப்பிடுகிறார். பனி விலகுகிறது. வருவது ராணுவம்.

விளக்கைப் போட்டபோது திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தார். “பெட்ரோல் தீர்ந்தா என்ன தம்பி? கண்ணாடிய ஏத்திட்டு உக்கார வேண்டியதுதானே. விடிஞ்சா பாத்துக்கலாம்னு இருக்க வேண்டியதுதானே.” யாரிடம் கேட்கிறார் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. திரையைப் பார்த்துத்தான் கேட்டார். அப்புறம் கீழே இறங்கிப் போய்விட்டார், டீகூடக் குடிக்கவில்லை.

பிறகு அவர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, ஓடு ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்த வீட்டில், ஒரே மூலையில், கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் ஐந்து பேரை விடிய விடிய அணைத்து உட்கார வைத்திருந்தவர் அவர். “விடிஞ்சா பாத்துக்கலாம்” என்பது அன்றைக்கு அவர் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தையாம். அவர் கோபத்துக்கு இதைவிட நியாயம் என்ன வேண்டும்? அந்த அப்பா செய்ததை அவர் செய்யாமல் இருந்தார். படம் அவரை அதே இருட்டுக்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டது.

படம் ஏமாற்றியதா, இல்லை என்னால்தான் தாங்க முடியவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, அந்த முடிவுக்கான விதை படத்துக்குள் எங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘தி மிஸ்ட்’டில் அது ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஒரு தாய், வீட்டில் குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள், யாராவது துணைக்கு வாருங்கள் என்று கடையில் ஒவ்வொருவராகக் கெஞ்சுகிறாள். ஒருவரும் போவதில்லை, கதாநாயகனும் போவதில்லை. அவள் தனியாகவே பனிக்குள் போகிறாள். கடைசியில் ராணுவ லாரியில், குழந்தைகளோடு உயிரோடு நின்று அவனைப் பார்க்கிறாள். ஒரு பேச்சும் இல்லை, பார்வை மட்டும்தான். இதை முதல் தடவை பார்க்கும்போது பலர் கவனிப்பதே இல்லை. கவனித்த பிறகு, இந்த முடிவு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது என்று சொல்ல முடியாது.

ஏமாற்றுகிற முடிவு வேறு மாதிரி. கடைசி இரண்டு நிமிஷத்தில் காரணமே இல்லாமல் எல்லாரையும் கொன்றுவிட்டு, அடுத்த பாகத்துக்குத் துண்டு போட்டு வைப்பார்கள். அந்தப் படங்களைத் தாராளமாகத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுவேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சோக முடிவே ஒத்துவராது என்கிறார்களே?

இது தவறு. ‘மூன்றாம் பிறை’யையும் ‘சேது’வையும் ‘பருத்திவீரன்’ படத்தையும் கொண்டாடியது இதே ஊர்கள்தான். கடலோரப் பூம்புகாரில் தொடங்கும் கண்ணகி கதை புருஷனைப் பறிகொடுத்து ஊரை எரிப்பதில் போய் நிற்கிறது. அதே பூம்புகாரைக் கடல் கொண்டதை ‘மணிமேகலை’ சொல்கிறது. உலகம் அழிகிற கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

அப்படியானால் ஏன் இந்தப் படங்கள் மட்டும் நெஞ்சை அடைக்கின்றன? நான் வெகுநாள் யோசித்து வந்து நின்ற இடம் இதுதான்: ‘சேது’வில் சாவு விழுந்தாலும் ஊர் இருக்கிறது. அழுவதற்கு ஆள் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு சாவு என்றால் ஒப்பாரி வைக்கப் பெண்கள் வருவார்கள், பங்காளிகள் வந்து நிற்பார்கள், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். துக்கத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையில் நடந்தே மனிதர்கள் வெளியே வந்துவிடுவார்கள். உலகமே முடிகிற அறிவியல் புனைகதைப் படத்தில் அழ ஆள் மிச்சமில்லை. ஒப்பாரி இல்லாத சாவு அது. பார்க்கிற நாம்தான் மிச்சம், நமக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதோடு, கதையை நல்லபடியாக முடித்து எழுவது நம் வழக்கம். ராமாயணப் பிரவசனத்தைப் பட்டாபிஷேகத்தில்தான் முடிப்பார்கள். கச்சேரிக்கு மங்களம் உண்டு. பழைய படங்களில் ‘சுபம்’ என்று அட்டை வரும். மயிலாடுதுறைப் பக்கம் தேரழுந்தூரில் பிறந்த கம்பர், ராமனுக்கு முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடை கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். சீதை பூமிக்குள் போகிற உத்தர காண்டத்தைத் தமிழில் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பார்கள். எங்கே நிறுத்துவது என்ற வழக்கு இந்தப் பக்கத்தில் அன்றைக்கே இருந்திருக்கிறது. கம்பர் நிறுத்திய இடத்தில் நிற்க விரும்புகிறவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சீதை போனதும் கதைதான்.

முடிவை மாற்றிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதிதானே?

மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஹாலிவுட்டில் வெளியீட்டுக்கு முன்பே ஒரு கூட்டத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்டிக் கருத்து வாங்குவார்கள். ‘பிளேடு ரன்னர்’ (1982) அந்தச் சோதனையில் தடுமாறியதால், கதாநாயகன் பின்னணியில் பேசும் விளக்கமும், அவனும் காதலியும் மலைகளுக்கு நடுவே காரில் போகிற சந்தோஷ முடிவும் சேர்க்கப்பட்டன. அந்த மலைக் காட்சிகள் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிச்சமிருந்தவை. 1992-இல் வந்த பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் கதவு மூடுவதோடு படம் நின்றுவிடும். எங்கள் மாடியில் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் போட்டோம். மலைகளைப் பார்த்ததும் ஓர் அக்கா சொன்னார்: “இது வேற யாரோ முடிச்ச மாதிரி இருக்கு.”

‘பிரேசில்’ (1985) கதை இன்னும் வேதனையானது. சித்திரவதை நாற்காலியில் கட்டப்பட்டவன் மனதுக்குள் மட்டும் தப்பித்துப் போவதுதான் முடிவு. அமெரிக்க நிறுவனம் காதல் ஜெயிப்பதாக ஒரு 94 நிமிடப் பதிப்பைத் தயாரித்தது. இயக்குநர் டெர்ரி கில்லியம், என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டுப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார். ‘தி மிஸ்ட்’ இயக்குநர் ஃபிராங்க் டாராபாண்டும், முடிவை மாற்றினால் கூடுதல் பணம் என்றவர்களை விட்டுவிட்டுக் குறைந்த செலவில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். மூலக் குறுநாவலை எழுதிய ஸ்டீபன் கிங் கதையை இவ்வளவு இருட்டாக முடிக்கவில்லை. ஆனாலும் படத்தின் முடிவு தனக்குப் பிடித்ததாக அவரே சொன்னார்.

எனக்கு மிகவும் யோசனை தந்தது ‘ஐ ஆம் லெஜண்ட்’ (2007). தியேட்டருக்கு வந்த பதிப்பில் கதாநாயகன் மருந்தைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுக்கிறான். முதலில் எடுத்த முடிவில் அவன் பிழைக்கிறான். ஆனால் தான் பிடித்து வைத்துச் சோதனை செய்த ஜீவனைத் தேடி அதன் துணை வந்து நிற்பதைப் பார்க்கிறான். அவர்கள் கண்ணுக்குத் தானே அரக்கன் என்று அவனுக்குத் தெரிகிறது. முன்கூட்டிப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காமல் போனதால் மாற்றினார்கள். அவன் சாகிற முடிவு ஆறுதலாக இருந்தது, பிழைக்கிற முடிவு தாங்க முடியாததாக இருந்தது. இருட்டு என்பது பிண எண்ணிக்கை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிந்தது.

வந்தபோது திட்டு வாங்கிய படத்தை இப்போது ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

நேரம் ஒரு காரணம். ஜான் கார்பென்டரின் ‘தி திங்’, மனிதர்களைப் போலவே உருமாறி ஒளிந்துகொள்ளும் ஒரு வேற்றுக்கிரக ஜீவனைப் பற்றிய படம், 1982 ஜூன் 25-இல் வந்தது. அதே நாளில்தான் ‘பிளேடு ரன்னர்’ படமும் வந்தது. இரண்டு வாரம் முன்னால் ‘இ.டி.’ வந்து, வேற்றுக்கிரகத்து ஜீவனைக் குழந்தைகளெல்லாம் கட்டிக்கொண்டிருந்த சமயம். அந்தக் கூட்டத்திடம் போய், எரிந்துகொண்டிருக்கும் முகாமில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டபடி குளிரில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் யார் ரசிப்பார்கள்? பிறகு வீடியோவில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அவர்களில் யார் அந்த ஜீவன் என்று என்னைக் கேட்காதீர்கள். படம் சொல்லவில்லை.

மணலில் சிலை தெரிகிற அந்தப் புகழ்பெற்ற முடிவு எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. என் தவறா?

உங்கள் தவறு இல்லை. ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ (1968) கடைசியில், குரங்குகள் ஆளும் வேறு ஏதோ கிரகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன், கடற்கரை மணலில் பாதி புதைந்த சுதந்திர தேவி சிலையைப் பார்க்கிறான். இது தன் பூமிதான், தன் மனிதர்களே அழித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அந்தச் சிலையோடு நமக்கு உறவு இல்லை.

ஆகவே நான் ஒன்று சொல்வேன், நீங்களும் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கோடியக்கரை மாதிரி ஒரு கரை, ஆள் அரவம் இல்லை. தூரத்தில் மணலிலிருந்து ஏதோ சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. நடந்து கிட்டே போகிறீர்கள். கல். மேலே உருண்டையாகச் சிகரம். சுற்றி வந்து பார்த்தால், அது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம். 216 அடியில் தலை மட்டும்தான் வெளியே.

இதைச் சொன்ன அன்று ஒரு கல்லூரிப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் 1968-இல் அந்தத் தியேட்டர்களில் நடந்தது.

வறட்சி, வெள்ளம், புயல், சுனாமி எல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு எதற்கு இந்தப் படங்கள்?

மிக முக்கியமான கேள்வி. இதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை, இரண்டு நினைவுகள் இருக்கின்றன.

ஒன்று ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014). அது இருண்ட முடிவுள்ள படம் இல்லை. ஆனால் ஆரம்பத்தில், பயிரெல்லாம் நோயில் போய்க்கொண்டிருக்கும் உலகத்தில், வெண்டைக்கு இதுதான் கடைசி அறுவடை, இனி எப்போதும் இல்லை என்று ஒரு பேச்சு வரும். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். படம் முடிந்து எல்லாரும் கருந்துளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வடுவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் வெண்டையிலேயே நின்றார். “அண்ணே, ஜூன் 12 மேட்டூர் தொறக்கலன்னா குறுவை போச்சும்போம். சரி, சம்பா இருக்கும்போம். அடுத்த வருசம் இருக்கும்போம். ‘இனிமே எப்பவும் இல்ல’ன்னு ஒரு வார்த்தைய நான் நெனச்சே பாத்ததில்ல.” அவருக்குப் படத்தின் முடிவு அங்கேயே வந்துவிட்டது. இலைக்கருகலைக் கையில் தடவிப் பார்த்த மனிதருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு கனம் என்பதை வேறு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

இன்னொன்று என் சித்தி. நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். 2008-இல் ‘தசாவதாரம்’ வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அதில் கடைசியில் ஒரு கொடிய கிருமி பரவப் போகும் நேரத்தில் சுனாமி வருகிறது, உப்புத் தண்ணீர் கிருமியை அழித்துவிடுகிறது. அலை எழும்பிய உடனே சித்தி எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தியேட்டர் வாசலில் சுண்டல் வண்டிப் பக்கம் நின்றுகொண்டு, “எங்க புள்ளைங்கள எடுத்துட்டுப் போனது நல்லதுக்குன்னு சொல்றானா?” என்று கேட்டார். படம் அப்படிச் சொல்லவில்லை, அந்தச் சாவுகளையும் காட்டத்தான் செய்கிறது. ஆனால் சித்திக்கு அப்படித்தான் கேட்டது. ஊரையே காப்பாற்றுகிற முடிவு, எல்லாரும் செத்துப்போகிற முடிவைவிட ஒருவரை அதிகமாக நோகடிக்கும் என்று அந்தச் சுண்டல் வண்டி பக்கத்தில் கற்றுக்கொண்டேன். அதனால்தான் கடல் பொங்குகிற படம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாகை, வேளாங்கண்ணிப் பக்கத்து ஆட்களுக்கு நானே போன் செய்வேன்.

இந்தப் படங்கள் எதற்கு என்றால், “இனிமே எப்பவும் இல்ல” என்ற வார்த்தையை இன்னும் நேரம் இருக்கும்போதே ஒருமுறை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சித்திக்கு அது தேவையில்லை. அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

இப்படி ஒரு படத்தால் உலகத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா?

‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தைச் சொல்லலாம். அணு ஆயுதப் போர் நடந்தால் அமெரிக்காவின் கான்சாஸ் பகுதி மக்கள் என்ன ஆவார்கள் என்பது கதை. யாருக்கும் விடிவு இல்லை. 1983 நவம்பர் 20 இரவு ஏறக்குறைய 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அதிபர் ரீகன் அதை முன்கூட்டியே பார்த்துவிட்டு, மனம் மிகவும் சோர்ந்துபோனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1987-இல் சோவியத்தோடு நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். படத்தால்தான் கையெழுத்திட்டார் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு அதில் பிடித்தது வேறு. படம் முடிந்த உடனேயே அதே சேனலில் விவாதம் வைத்தார்கள். வானியலாளர் கார்ல் சேகன், முன்னாள் அமைச்சர் கிஸ்ஸிங்கர் எல்லாம் உட்கார்ந்து பேசினார்கள். அணு ஆயுதப் போருக்குப் பிறகு புகை வானத்தை மூடி உலகமே குளிர்ந்துபோகும் என்கிற அணுக்குளிர்காலம் பற்றிச் சேகன் விளக்கினார். அவ்வளவு பேரை இருட்டில் விட்டுவிட்டு அப்படியே போகக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் பி.பி.சி. காட்டிய ‘திரெட்ஸ்’ இதைவிடக் கடுமை. அதை எங்கள் மாடியில் போட மாட்டேன். ஒருமுறை பார்த்தேன், போதும்.

பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

தனியாகப் படுக்காதீர்கள். வீட்டில் யாரிடமாவது கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். சொல்லும்போது கதை உங்கள் கைக்கு வந்துவிடும். யூடியூபில் விளக்க வீடியோ பார்க்காதீர்கள், அது தூக்கத்தை இன்னும் கெடுக்கும். சொந்த வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்திருந்தால் அந்த மாதம் வரவே வேண்டாம். வாரக்கணக்கில் மனம் தேறவில்லை என்றால் அது படத்தின் வேலை மட்டும் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

இருண்ட முடிவுள்ள படங்களுக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான். 2018-இல் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ பார்த்துவிட்டு என் அண்ணன் மகன், எட்டு வயது, திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. பாதி உயிர்கள் தூசியாகிவிடுகின்றன, ஸ்பைடர்மேனும் போகிறான். “அடுத்த பாகத்துல வந்துடுவாங்கடா” என்று நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். பெரியவர்களுக்கு அது வியாபாரம் என்று தெரியும். அவனுக்கு அது ஒரு வருஷம்.

படம் முடிந்ததும் ஏன் உடனே விளக்கைப் போடுவதில்லை?

முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டும். பெயர்கள் எல்லாம் ஓடி முடியட்டும். அப்புறம் எதிர்க்கடையிலிருந்து டீ வரும். யாரையும் கருத்துக் கேட்க மாட்டோம், பேசுகிறவர்கள் பேசலாம். முன்பு ஆறரைக்குப் போட்டோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆட்கள் அந்தக் கனத்தோடே ஓடினார்கள். இப்போது மூன்றரைக்கே ஆரம்பிக்கிறோம்.

முடிவு எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வரலாமா?

கேட்கலாம். முழுக் கதையைச் சொல்ல மாட்டேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெரியவர் மூன்று மாதம் வரவில்லை. நாலாவது மாதம் வந்து, செருப்பைக் கழற்றாமல் படிக்கட்டு முனையிலேயே நின்று கேட்டார்: “இன்னிக்கி யாராச்சும் பொழைக்கிறாங்களா தம்பி?”

“ஒருத்தர், ஐயா.”

“சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.